ஜெனீவாவில் வாக்குறுதி, வீட்டில் தடுப்புக் கட்டளை

வணக்கம் நேயர்களே.

வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு நடப்பு என்று எந்த அரசாங்கத்தையும் திட்டிவிடலாம். அது சுலபமான வேலை. அதனால் இன்று இலங்கையின் ஒரேயொரு சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த இரட்டைப் பேச்சு எந்தப் பிரிவில், எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம்.

ஜே. ஆர். ஜயவர்தன ஆட்சியில் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். 1982இல் ஒரு திருத்தம் அந்தக் கால எல்லையைத் தூக்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில், 1980 ஜூனில், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தில் அதே அரசாங்கம் சேர்ந்தது. யாரையும் காரணமின்றிப் பிடித்து வைக்கமாட்டோம் என்று உலகத்துக்குக் கையெழுத்து வைத்த அரசாங்கம், பிடித்து வைக்கும் சட்டத்தை நிரந்தரமாக்கியது.

இதில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். 9ஆம் பிரிவின்படி அமைச்சர் தடுப்புக் கட்டளையில் ஒப்பமிட்டால் போதும். ஒரு தடவைக்கு மூன்று மாதமாக, மொத்தம் 18 மாதம் வரை ஒருவரை வைத்திருக்கலாம் என்பதுதான் பழைய ஏற்பாடு. அடுத்தது 16ஆம் பிரிவு. சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பழைய விதி அது. பயங்கரவாத வழக்கிலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் சொன்னதாக இருந்தால் அது சான்றாகிவிடும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் அடி வாங்கியவர். ஆளை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களே வாக்குமூலத்தையும் எழுதிக்கொள்கிறார்கள். காயம் ஆறிய பிறகுதான் அவர் நீதிபதியைப் பார்க்கிறார். எதைக் காட்டி நிரூபிப்பது?

இதை ஒரு வழக்கில் அப்படியே காணலாம். 1993இல் கைதான ஒரு தமிழருக்கு, 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஆதாரம், சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டு அவருடைய பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்ட ஒரு வாக்குமூலம். அவருக்குச் சிங்களம் தெரியாது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிடலாம் என்று 1997இல் இலங்கையே ஒப்புக்கொண்டிருந்தது. 2006இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? ஜனாதிபதி வைத்த அந்த ஒப்புதல் அரசியலமைப்புக்கு முரண், உள்நாட்டில் செல்லாது என்றது. வெளிநாட்டில் வைத்த கையெழுத்து கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இதில் கவலைப்பட்டது பிரசெல்ஸ்தான், அதாவது ஐரோப்பிய ஒன்றியம்; காரணம் வியாபாரம். ஜிஎஸ்பி பிளஸ் என்ற அதன் வரிச் சலுகை கிடைத்தால் இலங்கை ஆடைகள் ஐரோப்பாவுக்குள் வரியின்றிப் போகும். இல்லாவிட்டால் பெரும்பாலான ஆடைகளுக்கு 9.6 வீதம் கட்ட வேண்டும். சலுகைக்கு விலை, 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறையில் காட்டுவது. ஆகவே 2007இல் அவசரமாக ஒரு சட்டம் வந்தது, 56ஆம் இலக்கம். 1980இல் சேர்ந்த அந்தச் சமவாயத்தின் உரிமைகளில் சிலவற்றை மட்டும் எடுத்துப் போட்ட மெலிந்த சட்டம். அதன் 3ஆம் பிரிவு, வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம் என்றும் வைத்தது. 2019இல் சிங்கள எழுத்தாளர் ஒருவர் பேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டதற்காக இதே பிரிவில் கைதாகி, நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். மனித உரிமையைக் காப்பதாக ஐரோப்பாவுக்குக் காட்டிய சட்டம், உள்ளூரில் கதை எழுதியவரைப் பிடிக்க உதவியது.

2010இல் சலுகை போனது, 2017இல் திரும்பியது. திரும்பிய நாளிலும் 9ஆம் பிரிவும் 16ஆம் பிரிவும் இருந்த இடத்திலேயே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். பிரசெல்ஸும் வாக்குறுதியைத்தான் வாங்கிக்கொண்டது.

2015 ஒக்டோபரில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், போர்க்காலக் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல் பற்றிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. வெளிநாட்டு நீதிபதிகளின் பங்களிப்பு அதில் எழுத்தில் இருந்தது. 2016 ஜனவரியில், வெளி நீதிபதிகள் தேவையில்லை என்று பிபிசியிடம் ஜனாதிபதி சிறிசேன சொன்னார். நான்கு மாதம் கூட ஆகவில்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களை அடக்கம் செய்ய 2020 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை. உலக சுகாதார அமைப்பு அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், விஞ்ஞானம் விடாது என்றார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். ஜெனீவாவில் இலங்கை பற்றிய வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரமே வர்த்தமானி மாறியது, அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. வைரஸ் மாறவில்லை. மார்ச்சில் இலங்கை மீதான அந்த 46/1 தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த 11 நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. சொந்தக் குடிமக்கள் பத்து மாதம் அழுது கேட்டும் அசையாதது, ஒரு விருந்தாளிக்காக அசைந்தது.

2022 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 18 மாதம் 12 ஆனது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. ஜூனில், இச்சட்டத்தின் பாவனை நடைமுறையில் நிறுத்தப்பட்டுள்ளதாக ஜெனீவாவில் வெளிவிவகார அமைச்சர் அறிவித்தார். ஓகஸ்டில், அரகலய என்ற அந்த ஆண்டின் மக்கள் போராட்டத்தில் நின்ற மாணவர் தலைவர்கள் மீது அதே சட்டத்தில் தடுப்புக் கட்டளை. ஒப்பமிட்டவர் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க.

ஆட்சி மாறினால் தீருமா? அடுத்து ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி 2024 தேர்தல் அறிக்கையில் இச்சட்டத்தை நீக்குவதாக எழுதியது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதாக ஓர் இளைஞர் கைதாகி, 90 நாள் தடுப்புக் கட்டளைக்குள் போனார். வேறு காரணங்களும் உண்டு என்று பொலிஸார் சொன்னார்கள், பின்னர் விடுதலையானார். பலஸ்தீன மக்களுக்கு ஆதரவு என்று ஐ.நா.வில் பேசும் நாடு இது.

ஆகவே இச்சட்டத்துக்குப் பதிலாக வரும் எந்தச் சட்டமூலத்திலும் தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகுமா என்று முதலில் தேடுங்கள். தடுப்புக் கட்டளையில் கையெழுத்திடுவது அமைச்சரா, அதிகாரியா, நீதவானா என்று பாருங்கள். நீதவானிடம் கொண்டுபோனாலும் அவருக்கு விடுவிக்கும் அதிகாரம் உண்டா, அல்லது கட்டளையைப் பார்த்துத் தலையாட்டத்தான் முடியுமா என்பதை அடுத்த வரியில் வாசியுங்கள். பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளித்துவைப்பார்கள்.