கார்த்திகையில வெட்டுனாத்தான் சித்திரையில பூ

(எங்க தெரு பொங்கல் விழாவுல "அண்ணே, செடி வளக்குறதப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு மைக்கக் கையில குடுத்துட்டாங்க, பேசி முடிக்க முக்கா மணி நேரம் ஆயிருச்சு. அன்னிக்கு வராதவங்க கேட்டாக, அதான் பேசுன மாதிரியே எழுதிருக்கேன்.)

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துக்கள். பாதிப்பேரு கோலப்போட்டி ரிசல்ட்டுக்குத்தான் உக்காந்திருக்கீங்கன்னு தெரியும், சீக்கிரம் முடிச்சுர்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. இன்னிக்கு மல்லிகைப்பூ வாங்கி வச்சிருக்குற அக்காமாரு கொஞ்சம் கை தூக்குங்க பாப்போம்... என்னத்தா இது, ரெண்டே பேரா? நம்ம ஊருல, மதுரையில, பொங்கல் அன்னிக்கு! சரி, குத்தம் உங்க மேல இல்ல. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல தை மாசம் மல்லி கிலோ ஆயிரக்கணக்குல போகுது, அதே பூ சித்திரை வைகாசியில வரத்து கூடிருச்சுன்னா நூத்துக்கணக்குக்கு எறங்கிரும். பனி விழுந்தா மல்லி மொட்டு வைக்காது, வச்ச ஒண்ணு ரெண்டும் பெருக்காது, ஆனா கல்யாணம் காட்சி பொங்கல் எல்லாம் அப்பத்தான் வரும், வெல ஏறாம என்ன செய்யும்.

என்னப் பாக்குறவங்க எல்லாம் கேக்குறது, உங்க மாடியிலதான் பன்னெண்டு தொட்டி மல்லி இருக்கே, ரெண்டு முழம் குடுத்தா என்னன்னு. வந்து பாருங்கய்யா மாடியில. ஒரு மொட்டு கெடையாது, பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்த மாதிரி குச்சி குச்சியா நிக்கிது. நாந்தான் வெட்டிவிட்டேன். இன்னிக்கு நான் சொல்ல வந்ததே அந்த வெட்டப் பத்தித்தான்.

நான் வெவசாயக் காலேஜ்ல படிச்சவன் இல்ல. 29 வருஷம் டவுன் பஸ்ல கண்டக்டர். வெள்ளன மொத ட்ரிப்ல நிலையூர் பக்கம், வலையங்குளம் பக்கம் இருந்து பூக்கூடையத் தூக்கிக்கிட்டு ஏறுவாங்க பாருங்க, அந்தப் பொம்பளைங்கதான் எனக்கு வாத்தியாரு. பஸ்ஸே மணக்கும், ட்ரைவர் அண்ணன் ஊதுபத்தி பொருத்துறதே இல்ல. லக்கேஜ் டிக்கெட்டுக்கு நான் சண்டை போட, அவுக பதிலுக்கு ஒரு கை மொட்ட அள்ளி "வீட்டுக்குக் கொண்டு போ தம்பி"ன்னு பையில போட, அப்பிடியே பேச்சு வளந்துதான் செடி வளக்கக் கத்துக்கிட்டேன்.

மொத மொத அஞ்சு கன்னு வாங்கி வச்சேன். இந்த மல்லிக் கன்னு எங்க இருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். அந்தக் கடக்கர மணல்ல பதியம் போட்ட கன்னுதான் நம்ம ஊரு பூராவும் போகுது, ஆனா பூத்தா பேரு மதுரை மல்லி, 2013ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பொறந்த எடம் ஒண்ணு, பேரெடுத்த எடம் ஒண்ணு, நம்ம வீட்டுக்கு வந்த மருமகளுக மாதிரி (சிரிப்பு). நம்ம மண்ணு, நம்ம வெயிலு சேந்தாத்தான் அந்த இதழ் அம்புட்டு தடிமனா வருது, சாயங்காலம் வரைக்கும் மொட்டு வெடிக்காம தாங்குது, அதனாலதான் ப்ளைட் ஏறிப் போகவும் முடியுது.

சரி, கதைக்கு வாரேன். மொத வருஷம் ஜோராப் பூத்துச்சு. ஐப்பசி மழையில செடி கொடி மாதிரி நீண்டு பச்சைப் பசேல்னு நிக்கிது. அப்ப ஒரு பூக்கார அக்கா சொன்னாக, கார்த்திகை பொறந்ததும் தண்ணிய நிறுத்து, மண்ணு கொஞ்சம் காயட்டும், அப்புறம் முழங்கால் ஒசரத்துக்கு எல்லாத்தையும் வெட்டிரு, எலையையும் உருவிருன்னு. எனக்கு மனசே வரல. எங்க வீட்டம்மா வேற, "பச்சையா நிக்கிற செடிய வெட்டுவாகளா, பாவம் பிடிக்கும்"னு சொல்லிருச்சு. விட்டுட்டேன். அடுத்த சித்திரையில அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு பக்கத்து வீடெல்லாம் பூவாக் கெடக்கு, எங்க வீட்ல செடி மட்டும் ஆள் ஒசரம், பூவு ஒரு கை கூட இல்ல. பூக்கார அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

ஏன் அப்பிடின்னா, மல்லி பூக்குறது புதுத் துளிர்லதான். பழைய குச்சி எம்புட்டு நீளமா இருந்தாலும் அதுல பூ வராது, அது சும்மா சத்தத் தின்னுக்கிட்டு நிக்கும். நவம்பர் கடைசி வாரம் வெட்டி, காஞ்ச குச்சி, குறுக்கால போற குச்சி, உள்ள நெருக்கிக்கிட்டு நிக்கிறது எல்லாத்தையும் எடுத்துட்டு, தூருல மண்ணக் கொத்தி தொழுவுரம் போட்டு தண்ணி விட்டா, மார்கழி தை பனியில பைய்யத் துளிர் எடுத்து, மாசி கடைசியில மொட்டு காட்டும், பங்குனியில இருந்து பறிக்கலாம். தரையில வச்ச செடின்னா ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம் மேல விட்டு வெட்டுங்க. தொட்டியில நான் ஒரு அடிதான் விடுறேன். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டிறாதீங்க, பிச்சிக்கு மார்கழியில டிசம்பர் கடைசி, முல்லைக்கு தை மாசம் ஜனவரி கடைசி. முல்லை வச்சிருக்குறவங்களுக்கு இன்னும் ரெண்டு வாரம் டைம் இருக்கு, கத்திரியத் தீட்டி வைங்க.

பூக்குற மாசத்துல நமக்கு என்ன வேல? பறிக்கிறது, கட்டுறது, தலையில வைக்கிறது. தோட்டம்ங்கிறது பூக்காத மாசத்துல செய்யுற வேலதான், அப்ப மாடிக்கு ஏறிப்பாத்தா ஒண்ணுமே இருக்காது, அதனாலதான் நெறையப் பேரு அப்ப ஏறுறதில்ல.

இப்ப வெயில் காலத்துக்கு வாரேன். மல்லிக்கு வெயில் வேணும், வெயில் ஏற ஏறத்தான் பூ கூடும், அதனால மல்லித் தொட்டியத் தூக்கி நெழல்ல வச்சிறாதீங்க. மாடித் தரை சூடுதான் பிரச்சன, தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல் வைங்க, மேல மண்ணு தெரியாம தேங்கா மட்டை, காஞ்ச எலை போட்டு மூடுங்க. தண்ணி வெள்ளன ஒரு தடவ, பொழுது சாய ஒரு தடவ. மத்தியானம் எங்க வீட்டு டேங்க்ல வர்ற தண்ணியில டீயே போடலாம், அதக் கொண்டு போயி செடிக்கு ஊத்துனா வேரு என்னத்துக்கு ஆகும். ரோஜா, கனகாம்பரத்துக்குத்தான் மத்தியானம் நெழல் வேணும், பச்ச வலை கட்டுங்க, இல்ல மல்லிச் செடிக்குக் கெழக்க ஒதுக்கி வைங்க, மல்லியே கொட பிடிக்கும்.

அப்புறம் தண்ணி. இதக் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நம்ம ஏரியாவுல செடி சாகுறது பூச்சியால இல்ல, போர்த் தண்ணியால. வாளியில விட்டுக் காயவச்சா வெள்ளப் படலம் படியுதுல்ல, அதே உப்புதான் தொட்டி ஓரத்துலயும் படியுது. ஊத்த ஊத்தத் தண்ணி ஆவியாப் போகுது, உப்பு மட்டும் மண்ணுலயே தங்கிருது. கொஞ்ச நாள்ல துளிர் எலை மஞ்சளாயிரும், நரம்பு மட்டும் பச்சையா கோடு போட்ட மாதிரி தெரியும். இத பார்த்தா உடனே உரம் பத்தலைன்னு அள்ளிப் போடுறோம், இன்னும் மோசமாகும். அது இரும்புச் சத்து கொற. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா மண்ணு சுண்ணாம்புத்தன்மை ஏறிப்போனதால வேரால அத எடுக்க முடியல. கடையில அன்னபேதின்னு கேட்டா தருவாங்க, இரும்பு சல்பேட்டுதான் அது, லிட்டருக்கு 5 கிராம் கலக்கி சாயங்காலமா எலையில அடிங்க, மாசம் ஒரு தடவ, பச்ச திரும்புற வரைக்கும். செவத்துல பட்டா கற பிடிக்கும், பெயின்ட் அடிச்ச வீட்டுக்காரங்க பாத்துக்குங்க.

இதுல நான் பண்ணுன கூத்து ஒண்ணு இருக்கு. வீட்ல ஆர்.ஓ. மிஷின் மாட்டுனோம், குடிதண்ணிக்குப் பிரிச்சது போக மிச்சம் ஒரு டியூப்ல கொட்டுது, அடடா வீணாப் போகுதேன்னு அதப் பிடிச்சுப் பிடிச்சு செடிக்கு ஊத்துனேன். ரொம்ப சிக்கனமா இருக்கேன்னு வேற எனக்கு நெனப்பு. ரெண்டு மாசத்துல நாலு தொட்டி காலி. அப்புறந்தான் மண்டையில ஏறுச்சு, குடிக்கிற தண்ணியில இருந்து எடுத்த உப்பு பூராவும் அந்த டியூப்லதான வருது! அது பாத்ரூம் கழுவ ஆகும், செடிக்கு ஆகாது. ஏசியில சொட்டுது பாருங்க, அந்தத் தண்ணி நல்ல தண்ணி, உப்பே இருக்காது, அதப் பிடிங்க. மழ பெய்யுறப்ப ஒரு ட்ரம் பிடிச்சு மூடி வைங்க. தென்ன நார்க்கழிவு வாங்குனாலும் ரெண்டு மூணு தடவ அலசிப் பிழிஞ்சுட்டுப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கு.

ஆடியில என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், மேற்க மலைக்கு அங்கிட்டு மழ ஊத்தோ ஊத்துன்னு ஊத்தும், நமக்கு வெறுங்காத்து மட்டும் வரும். தொட்டி உருளும், எலை கருகும். அந்த வறக் காத்துல செம்பேன் வந்து எலைக்கு அடியில நூலாம்படை கட்டும், பைப்ப வச்சு எலைக்கு அடிப்பக்கம் வேகமாத் தண்ணி அடிச்சாலே பாதி போயிரும். அதே மாதிரி பூக்குற காலத்துல மொட்டு ஊதாக் கலரா மாறிக் கொட்டுச்சுன்னா அது மொட்டு ஈ, புழு மொட்டுக்குள்ள இருந்து எறங்கி மண்ணுக்குள்ள போயித்தான் கூட்டுப்புழுவாகும், அதனால கொட்டுன மொட்டத் தெனம் பொறுக்கி எடுத்துருங்க, தூருல மண்ண லேசாக் கொத்திவிடுங்க. செம்பருத்தியில வெள்ள மாவா அப்புற மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து அடிங்க. மருந்து அடிச்ச பூவக் கொழந்தைங்க தலையில வைக்கப் போறோம்ங்கிறத மட்டும் மறந்துறாதீங்க.

செவ்வந்தி பத்தி கேட்டாக ஒரு மதினி, "நல்லா வளந்திருக்கு, ஆயுதபூஜை போச்சு, தீபாவளி போச்சு, ஒரு மொட்டு இல்ல"ன்னு. போயிப் பாத்தேன். செடில ஒரு கொறையும் இல்ல. நேரா மேல தெரு லைட்டு, புதுசா மாட்டுன எல்.ஈ.டி, ராத்திரியிலயும் பகல் மாதிரி அடிக்கிது. செவ்வந்திக்கு ராப்பொழுது நீளணும், இருட்டு இருட்டா இருக்கணும், அப்பத்தான் மொட்டு கட்டும். நம்ம ஊருல வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சித்த மேலதான் வித்தியாசம், நம்ம யாராச்சும் கவனிச்சிருக்கோமா? அந்தச் செடி கணக்குப் பாக்குது. தொட்டியப் பின்னாடி கொல்லையில தள்ளி வைங்கன்னேன், ஒரு மாசத்துல மொட்டு காட்டிருச்சு. நேத்து அந்தப் பூவத்தான் பொங்கப்பானைக்குச் சுத்திருந்தாக. ஆனி ஆடியில நட்டு, நாலு வாரத்துல நுனியக் கிள்ளி விட்டா பக்கக் கிளை நெறைய வரும், பூவும் அம்புட்டு வரும்.

ஐப்பசி மழைக்கு ஒண்ணே ஒண்ணு. தொட்டி ஓட்டையில ஒரு குச்சிய விட்டுக் குத்திப் பாருங்க, அடைச்சிருந்தா ஒரே மழையில வேரு அழுகிரும். தொட்டிக்கு அடியில தட்டு வச்சிருந்தா எடுத்துருங்க, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், மாநகராட்சி ஆளுக வந்து திட்டுறதுக்கு முன்னாடி நம்மளே கவுத்துருவோம். ரோஜாவ ஐப்பசிக்குள்ள வெட்டிருங்க. ஒட்டுக் கட்டுன எடத்துக்குக் கீழ இருந்து தடியா ஒரு குருத்து வேகமா வரும், ஆகா என்னா வளர்ச்சின்னு சந்தோசப்படாதீங்க, அது காட்டு ரோஜா, மேல இருக்குற நல்ல ரோஜாவத் தின்னுட்டுத்தான் வளருது, அடியோட பிச்சுருங்க.

எதுவுமே பாக்க நேரமில்லன்னா அந்திமந்தாரையும் நந்தியாவட்டையும் வைங்க. நாலு மணிக்கு அந்திமந்தாரை விரிஞ்சா பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகளுக்கு டயம் பாக்கவும் ஆச்சு. எடம் இருக்குறவங்க ஒரு பவளமல்லி வைங்க, மழைக் காலத்துல வெள்ளன கதவத் தொறந்தா வாசல்ல கோலம் அதுவே போட்டிருக்கும், கோலப்போட்டிக்கு வேணா அது லாயக்குப்படாது.

இந்தா, தலைவர் மணிய மணியப் பாக்குறாரு. கார்த்திகையில வெட்டுனப்ப விழுந்த குச்சியில நல்லதாப் பாத்து ஒரு சாண் சாணா நறுக்கி நாப்பது பை போட்டேன், பாதிக்கு மேல துளிர் வந்திருச்சு, ஸ்டேஜுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், போறப்ப வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. இப்பவே தரையில நட்டுறாதீங்க, பிஞ்சு வேரு, வரப்போற வெயிலத் தாங்காது. பையிலயே அர நெழல்ல வச்சு தண்ணி ஊத்துங்க, ஆடிக் காத்து ஓஞ்சு மொத மழ விழுந்ததும் நடுங்க. நடுறப்ப பையக் கிழிச்சு எறிஞ்சுட்டு நடுங்கய்யா. போன வருஷம் ஒருத்தரு பையோடயே நட்டுட்டு எட்டு மாசம் என்கிட்ட கன்னு சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. பேரச் சொல்ல மாட்டேன், முன் வரிசையிலதான் உக்காந்து கைதட்டுறாரு.