சுவருக்குக் குரலும் உண்டு

அவைத் தலைவர் அவர்களே, இசை கேட்பதற்கென்றே இந்த மாலைப்பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த ராக், பாப் ஆல்பங்களில் உங்கள் மனத்துக்கு நெருக்கமானவற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டபோது முதலில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். அது நாற்பதைத் தாண்டிப் போகவே பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இத்தனை ஆண்டுகளில் நான் மீண்டும் மீண்டும் எடுத்துக் கேட்ட தட்டுகள் எவை, அவற்றுக்குள் ஏதேனும் உறவு உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உறவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவை ஒவ்வொன்றிலும் பாட்டோடு சேர்ந்து, அந்தப் பாட்டு பதிவான இடமும் காதில் விழுகிறது. சுவருக்கும் காது உண்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்கள் அல்லவா? இந்த ஆல்பங்களில் சுவருக்குக் குரலும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஏன் குறிப்பாக அந்த மூன்று நான்கு ஆண்டுகள் என்று கேட்கலாம். அறுபதுகளில் நான்கு தடங்களாக இருந்த ஒலிப்பதிவு டேப் எட்டுத் தடங்களாகி, எழுபதுகள் பிறந்தபோது பெரிய ஸ்டூடியோக்களில் பதினாறு தடங்களாக வளர்ந்திருந்தது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், குரல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து, பிறகு பொறுமையாகச் சேர்க்க முடிந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் கொள்ளும் எல்பி தட்டை, தனிப் பாடல்களின் மூட்டையாகக் கருதாமல் ஒரே படைப்பாகக் கட்டும் துணிவும் கலைஞர்களுக்கு வந்திருந்தது. ஆனால் இதே வசதிகள்தாம் சில ஆண்டுகளில் அறையின் ஓசையை அறவே துடைத்தெடுக்கவும் பயன்பட்டன. பல ஸ்டூடியோக்கள் தரையிலும் சுவரிலும் கம்பளம் ஒட்டி, எதிரொலியே எழாத பெட்டிகளாக மாறின. கருவி வந்துவிட்டது, அறை இன்னும் அழிக்கப்படவில்லை என்ற அந்த இடைவெளியில் பிறந்தவையே நான் சொல்லப்போகும் ஆல்பங்கள்.

முதலில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போவோம். வெஸ்ட் கிராண்ட் புலவார்ட் சாலையில் 2648 என்ற எண்ணுள்ள வீடு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண இரண்டு மாடிக் குடியிருப்புதான். பெரி கோர்டி அதை வாங்கி மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் தலைமையகமாக்கி, பின்புறம் இருந்த சிறிய அறையை ஸ்டூடியோவாக மாற்றினார். 1959 முதல் 1972 வரை அந்த அறையில் பதிவான பாடல்கள் அமெரிக்காவின் காதையே மாற்றின. எதிரொலி வேண்டுமென்றால் ஒலியை மாடியின் மேல் பரணுக்கு அனுப்பி, அங்கே மோதித் திரும்பும் ஓசையைப் பிடித்துக்கொள்வார்கள். வீடே ஒரு வாத்தியமாக இருந்தது என்றால் அது மிகையில்லை.

1970-ல் மோட்டவுன் பாடகர் மார்வின் கே அந்த அறைக்குள் நுழைந்தபோது பழைய காதல் பாட்டுகளைப் பாடும் மனநிலையில் இல்லை. அவரோடு இணைந்து பாடிய டாமி டெரல் அந்த மார்ச் மாதம் இளம் வயதிலேயே இறந்திருந்தார். மார்வினின் தம்பி ஃப்ராங்கி வியட்நாம் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களும், திரும்பி வந்து நேரில் சொன்னவையும் அவர் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தன. அதே வேளையில், ஃபோர் டாப்ஸ் குழுவைச் சேர்ந்த ஓபி பென்சன், 1969-ல் பெர்க்லியில் இளைஞர்களைக் காவல்துறையினர் அடித்ததைக் கண்ணால் கண்டு, இங்கே என்னதான் நடக்கிறது என்ற கேள்வியோடு ஒரு பாட்டுக்கு வித்திட்டிருந்தார். அல் கிளீவ்லண்டும் சேர்ந்து உருவாக்கிய அந்தப் பாட்டு மார்வின் கே கைக்கு வந்து அவருடையதாகவே ஆகிவிட்டது. கோர்டிக்கு அது பிடிக்கவில்லை. அவர் நிறுவனத் தலைவர் மட்டுமல்லர், மார்வின் கேயின் மைத்துனரும்கூட. இருந்தாலும் மார்வின் விட்டுக்கொடுக்கவில்லை. இதை வெளியிடாவிட்டால் இனி எதையும் பாடமாட்டேன் என்று உறுதியாக நின்றார். 1971 ஜனவரியில் தனிப் பாடலாக அது வெளிவந்து பெருவெற்றி பெற்ற பின்னரே முழு ஆல்பத்துக்கு வழி பிறந்தது. அந்த மார்ச் மாதத்திலேயே பெரும்பகுதியைப் பதிந்து முடித்தார்கள். மே மாதம் 'வாட்ஸ் கோயிங் ஆன்' கடைகளுக்கு வந்தது.

அந்த முதல் பாட்டை நுணுக்கமாகக் கேளுங்கள். தொடக்கத்தில் நண்பர்கள் கூடிக் குசலம் விசாரிக்கும் ஆரவாரம்; அதில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் இருவரின் குரல்களும் இருக்கின்றன. அதன்மேல் எழும் சாக்ஸஃபோன், இலாய் ஃபான்டெய்ன் வாசிப்புக்கு முன் கருவியைப் பழக்கிக்கொண்டிருந்தபோது டேப்பில் விழுந்தது. முறையாக வாசிக்க அவர் தயாரானபோது, வேண்டியது கிடைத்துவிட்டது என்று மார்வின் சொல்லிவிட்டார். மார்வினின் குரல் இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே பேசிக்கொள்வதுபோல் வருகிறதே, அதுவும் திட்டமிட்டதன்று: இரண்டு முறை பாடிப் பதிந்ததை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டபோது, ஒலிப்பதிவாளர் இரண்டையும் ஒருசேர ஒலிக்கவிட்டார். அந்தத் தற்செயலை மார்வின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தன் பாணியாகவே ஆக்கிக்கொண்டார்.

பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒரு கேளிக்கை விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தவரை இரவில் தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள் என்றும், உட்கார்ந்து வாசிக்கும் நிலையில் இல்லாததால் ஸ்டூடியோவின் தரையில் மல்லாந்து படுத்தபடியே அவர் வாசித்தார் என்றும் உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிகளைக் கேட்டால் ஒரு மனிதர் தரையோடு தரையாகப் பேசுவதுபோலத்தான் எனக்குக் கேட்கிறது. அடிநாதத்தை மட்டும் தட்டிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பேஸ் அன்று அது. பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இன்னொரு பாட்டையே பாடிக்கொண்டு போகிறது. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் அழைத்துக்கொண்ட அந்த வாத்தியக்காரர்கள் பத்தாண்டுக் காலம் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தும், மோட்டவுன் உறைகளில் அவர்கள் பெயர் வந்ததில்லை. இந்த ஆல்பத்தின் உறையில்தான் முதல் முறையாக அவர்கள் பெயர்கள் அச்சாயின. இது எனக்கு இசைக்கு நிகரான செய்தி.

ஒன்பது பாடல்கள், சுமார் முப்பத்தைந்து நிமிடம். போரிலிருந்து திரும்பியவன் ஊரில் வேலை கேட்கிறான். கடலில் எண்ணெய் படர்கிறது. மீனின் உடம்பில் பாதரசம் ஏறுகிறது. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது உள்ளே நுழைந்துவிடுகிறது. கடைசிப் பாட்டின் இறுதியில் முதல் பாட்டின் அழைப்பு மறுபடி எழும்போது, கேட்டவர் புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்து நிற்கிறார். அடுத்த ஆண்டே மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. அந்த வீட்டின் கடைசிப் பெரிய குரல்களில் ஒன்றாகவே நான் இதைக் கேட்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் என்றதும் அங்கே லா ப்ரேயா அவென்யூவில் இருந்த ஏ அண்ட் எம் ஸ்டூடியோ நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் சார்லி சாப்ளின் தம் படங்களை எடுத்த வளாகம் அது. 1971-ன் முதல் மாதங்களில் அங்கே ஒரு அறையில் கரோல் கிங் 'டேப்பஸ்ட்ரி'யையும், பக்கத்து அறையில் ஜோனி மிட்செல் 'ப்ளூ'வையும் பதிந்துகொண்டிருந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் தம் கிட்டாரோடு இரண்டு அறைகளுக்கும் போய் வந்தார். டிரம்ஸ் வாசித்த ரஸ் கங்கலும் அப்படியே. 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்ற பாட்டில் கரோல் கிங்கின் குரலுக்குப் பின்னால் டெய்லரும் மிட்செலும் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரே வீட்டில் அக்கம்பக்கத்துக் குடித்தனங்கள் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து வாங்கிக்கொள்வதுபோல இரண்டு ஆல்பங்கள் வளர்ந்தன.

அந்தப் பாட்டில் சற்று நிற்க வேண்டும். கரோல் கிங் அதற்கு மெட்டமைத்தபோது அவருக்கு வயது பதினெட்டு. சொற்கள் அவருடைய அந்நாள் கணவர் ஜெர்ரி காஃபின் எழுதியவை. ஷிரெல்ஸ் குழு அதைப் பாடி, 1961-ன் தொடக்கத்தில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அப்போது அது துள்ளலான பாட்டு. பத்தாண்டு கழித்து, திருமணம் முறிந்து, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, அதே பாட்டைக் கரோல் கிங் பியானோவின் முன் அமர்ந்து நிதானமாகப் பாடுகிறார். நாளைக்கும் என்னை நேசிப்பாயா என்ற கேள்வியைப் பதினெட்டு வயதில் கேட்பதும், பதில் இன்னதென்று வாழ்ந்து அறிந்த பின் கேட்பதும் ஒன்றாகுமா? சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஆனால் பாட்டு வேறு. பியானோ மிக அருகில், கூடத்தில் யாரோ தமக்காக வாசிப்பதுபோல் ஒலிக்கிறது. தயாரிப்பாளர் லூ ஆட்லர் அதற்குமேல் எதையும் பூசாமல் விட்டார். ஆல்பம் பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'ஸ்மாக்வாட்டர் ஜாக்' என்ற துப்பாக்கிக்காரன் கதைப்பாட்டு மட்டும் இந்த வீட்டுக்குள் வழிதவறி வந்துவிட்டதாகவே எனக்கு எப்போதும் தோன்றும்.

'ப்ளூ' இன்னும் வெறுமையானது. பல பாட்டுகளில் ஒரு குரலும் ஒரு கருவியும்தான். அதிலுள்ள 'லிட்டில் கிரீன்' என்ற பாட்டு, 1965-ல் தமக்குப் பிறந்து, வறுமையால் தத்துக் கொடுக்க நேர்ந்த மகளைப் பற்றியது என்பதை ஆல்பம் வந்தபோது கேட்டவர்கள் அறியவில்லை. 1997-ல்தான் தாயும் மகளும் மீண்டும் சந்தித்தார்கள். தெரிந்த பிறகு கேட்டால், அந்த அறையின் மௌனமே தாங்க முடியாததாக இருக்கிறது.

இனி இங்கிலாந்து. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய மாளிகை. 1795-ல் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் புகலிடமாகக் கட்டப்பட்டது. லெட் செப்பலின் குழுவினர் தங்கள் நான்காவது ஆல்பத்துக்காக அங்கே போய்த் தங்கி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டார்கள். 1971 நவம்பரில் வந்த அந்த ஆல்பத்தின் உறையில் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. விறகுக்கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் ஒரு முதியவரின் படம் மட்டும் இருந்தது. அவர் வில்ட்ஷயரில் கூரை வேய்ந்து பிழைத்த ஒரு தொழிலாளி என்பது 2023-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அதில் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' உலகறிந்த பாட்டு. பெயரில்தான் படிக்கட்டு இருக்கிறது. அதன் பெரும்பகுதி பதிவானது லண்டன் ஸ்டூடியோ ஒன்றில். மெய்யான படிக்கட்டைக் கேட்க வேண்டுமானால் கடைசிப் பாட்டான 'வென் த லெவி ப்ரேக்ஸ்'க்கு வாருங்கள். ஜான் பானமின் டிரம்ஸை மாளிகையின் முன்கூடத்தில், மாடிப்படிகள் சுழன்று ஏறும் கிணறு போன்ற வெற்றிடத்தின் அடியில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ், மேல்தளத்துக் கைப்பிடியிலிருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்ஸுக்கு அருகில் மைக் வைப்பதுதான் வழக்கம்; இங்கே ஒவ்வொரு அடியும் கல்லிலும் மரத்திலும் மோதி மேலேறித்தான் டேப்பை அடைந்தது. கேட்கும்போது தாளம் மேலிருந்து நம் தலையில் இடிந்து விழுவது போலிருக்கிறது. பாட்டோ 1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்ததைப் பற்றி, மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிந்த ப்ளூஸ் பாட்டு. வீடிழந்தவர்களின் பாட்டு, வீடற்றவர்களுக்காகக் கட்டிய கட்டடத்தில் ஒலிக்கிறது. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதே நடமாடும் வண்டி 1971 கோடையில் தெற்கு பிரான்ஸுக்குப் போனது. வரிச்சுமை தாளாமல் இங்கிலாந்தை விட்டு வெளியேறியிருந்த ரோலிங் ஸ்டோன்ஸ், நெல்கோட் மாளிகையின் நிலவறையில் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' ஆல்பத்தின் பெரும்பகுதியை உருவாக்கினார்கள். புழுக்கத்தில் கிட்டார் தந்திகள் சுருதி கலைந்துகொண்டே இருந்தன. அந்தப் புழுக்கம் ஆல்பம் முழுவதும் கசிகிறது. இதற்கு நேர் எதிர், அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் நிக் டிரேக் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பதிந்த 'பிங்க் மூன்'. இருபத்தெட்டு நிமிடம், குரல், கிட்டார், ஒரே பாட்டில் சிறிது பியானோ. அவர் வாழ்ந்த நாளில் அதை வாங்கியவர்கள் வெகு சிலர். 1974-ல் இருபத்தாறு வயதில் மறைந்தார்.

நிறைவாக, 1973 மார்ச்சில் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவினர் பதினாறு தடங்களையும் நிரப்பிச் செய்த வேலை அது. 'மணி' பாட்டின் தொடக்கத்துக்காகக் காசு விழும் ஒலி, காகிதம் கிழியும் ஒலி, கல்லாப்பெட்டியின் ஒலி ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, டேப்பை அடிக்கோல் வைத்து அளந்து ஏழு துண்டுகளாக வெட்டி ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டார்கள். அந்த ஏழு துண்டுகளே பாட்டின் ஏழு எண்ணிக்கைத் தாளம். வேறொரு பாட்டுக்காகக் கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, சொற்களே இல்லாமல் பாடச் சொல்லி, முப்பது பவுண்டு கொடுத்தனுப்பினார்கள். தாம் பாடியது பயன்பட்டதா என்பதைக்கூட அவர் பின்னர் கடையில் உறையைப் பார்த்துத்தான் அறிந்தார். அந்தப் பாட்டின் படைப்பாளிகளில் ஒருவராக அவர் பெயர் இடம்பெற 2005-ல் வழக்கில் சமரசம் ஏற்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் சில கேள்விகளைக் கேட்டுப் பதிலைப் பதிந்தார். பால் மெக்கார்ட்னியின் பதிலும் கிடைத்தது, அதைச் சேர்க்கவில்லை. ஆல்பத்தின் கடைசிக் குரலாக நாம் கேட்பது ஆபி ரோட்டின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் பேசியது: நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக எதுவும் இல்லை, உண்மையில் எல்லாமே இருள்தான் என்கிறார். அவர் பேசி முடித்த பிறகும், ஆல்பம் எதில் தொடங்கியதோ அந்த இதயத் துடிப்பு, நிக் மேசனின் பெரிய டிரம்மிலிருந்து எழுந்த அந்த மெல்லிய அடி, கொஞ்ச நேரம் தொடர்கிறது; பிறகு ஊசி தட்டின் உள்வளையத்தைச் சுற்றும் ஓசை மட்டும் கேட்கிறது.