விழுந்தால் எழாதீர்கள்

அவையோருக்கு வணக்கம். ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்குக் காளைகளைத் தெருவில் விடுகிறார்கள்; காளைச்சண்டை அரங்குவரை அவற்றோடு ஆட்களும் ஓடுவார்கள். "வாடிவாசலில் பார்க்காத காளையா?" என்று கேட்டுக்கொண்டு அங்கே போகாதீர்கள். இங்கே திமிலைத் தழுவினால் பரிசு; அங்கே மாட்டைத் தொட்டாலே அபராதம். காரணம் இருக்கிறது. ஆறு காளைகளும் பழக்கிய எருதுகளோடு கூட்டமாக ஓடும்வரை பெரும்பாலும் யாரையும் தேடிவந்து குத்துவதில்லை. கைபட்டு ஒன்று திரும்பிவிட்டால், பின்னால் வருகிறவன் பாடு திண்டாட்டம்.

பாதை சுமார் 875 மீட்டர். இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 17 விநாடி. கூட்டத்துக்குள் அந்த வேகத்தில் முழுப் பாதையும் யாராலும் ஓட முடியாது. ஐம்பது மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாளே நடந்துபார்த்து, எங்கே விலகுவது என்று முடிவுசெய்யுங்கள். எஸ்டாஃபெட்டா தெருவில் தடுப்புவேலியே கிடையாது, சுவர்தான். அதை மறக்க வேண்டாம். அந்தத் தெருவுக்குள் திரும்பும் வலது வளைவில் காளைகள் சறுக்கி இடதுபக்கச் சுவரில் மோதும். அங்கே நிற்பது தற்கொலை. உள்பக்கமாக, வலது ஓரத்தில் இருங்கள். வேலி உள்ள இடத்தில் ஏறிக் குதிக்கப் பார்க்காதீர்கள், மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்; கீழ்க்கட்டைக்கு அடியில் உருண்டுவிடுங்கள்.

வெடிச்சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். முதல் வெடி, கதவு திறந்ததற்கு. இரண்டாவது, கடைசி மாடும் வெளியே வந்ததற்கு. இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் மந்தை பிரிந்துவிட்டது என்று பொருள். தனித்த காளைதான் எமன். அது திசை தெரியாமல் நிற்கும், அசைகிற எதையும் குத்தும். கத்திக் கூப்பிடாதீர்கள், கோல் பிடித்த பச்சைச்சட்டை மேய்ப்பர்களிடம் விட்டுவிடுங்கள்.

விழுந்துவிட்டால்? எழாதீர்கள். குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தலையை மூடி, அசையாமல் கிடங்கள். ஓடும் மாடு கீழே கிடப்பதைப் பெரும்பாலும் தாண்டிப்போகும். எழுந்தவனின் வயிறுதான் கொம்பின் உயரத்துக்கு வரும். 1995இல் ஓர் அமெரிக்க இளைஞர் விழுந்து, எழுந்தபோதுதான் குத்துப்பட்டு இறந்தார். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகே எழுங்கள்.

குடித்தவர்களையும், பை, கேமரா வைத்திருப்பவர்களையும், 18 வயது நிரம்பாதவர்களையும் காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள். சரிதான். காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். காலையில் கழுவிவிட்ட கல்தெரு ஈரமாக இருக்கும்.

அரங்கின் நுழைவழி புனல்போலக் குறுகும். ஒருவர் இடறினால் ஆட்கள் மலையாகக் குவிவார்கள். 1977இல் அங்கே ஒருவர் நசுங்கியே இறந்தார். முன்னால் குவியல் தெரிந்தால் நுழையாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் சுவரடியில் தவழ்ந்துபோகும் துளைகள் இருக்கின்றன. அரங்குக்குள் வந்ததும் நேராக ஓடாமல் இரு பக்கமும் விரிந்து விலகுங்கள். மூன்றாவது வெடி, எல்லா மாடுகளும் அரங்குக்குள் வந்ததற்கு. நான்காவது கேட்டால் காளைகள் அடைபட்டாயிற்று. பிறகு கொம்புக்கு உறையிட்ட இளம் பசுக்களை விடுவார்கள். உறைதானே என்று அலட்சியம் வேண்டாம், விலா எலும்பு முறியும்.