பியா சுண்டாகே: எதிரணி ஏறி வந்தா லாபம், பதுங்கினா சிக்கல்

[திரையில்: பிரேசிலியா ஸ்டேடியம், 2016 ஆகஸ்ட் 12]

பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்ல சேர்ந்தது 1996-ல. அதுல இருந்து 2012 வரைக்கும் நடந்த அஞ்சு ஃபைனல்லயும் அமெரிக்கா ஆடியிருக்கு. ஆறாவது ஒலிம்பிக்ல அந்த அணியைக் கால் இறுதியிலேயே வீட்டுக்கு அனுப்பினது ஸ்வீடன். ஸ்வீடனோட கோச் யாருன்னா, அமெரிக்காவுக்கே ரெண்டு தங்கம் வாங்கிக் கொடுத்தவங்க. பியா சுண்டாகே.

அவங்க வரலாறு முழுசும் இந்த வீடியோவுல வராது. அவங்க போடுற கணக்கு எந்த மாதிரி ஆட்டத்துல பலிக்குது, எந்த மாதிரி ஆட்டத்துல பலிக்கிறதில்ல, அதைத்தான் பார்க்கப் போறோம்.

[திரையில்: உலக வரைபடம், கோடு ஸ்வீடன்ல தொடங்குது]

பிறந்தது 1960, ஸ்வீடன்ல உல்ரிசேஹாம்ன். நாட்டுக்காக 146 ஆட்டம், 71 கோல். 1984-ல முதல் ஐரோப்பியப் போட்டியோட ஃபைனல் இங்கிலாந்து கூட, ரெண்டு ஆட்டமா நடந்தது. முதல் ஆட்டத்தோட ஒரே கோல் இவங்க தலையால முட்டினது. ரெண்டாவது ஆட்டம் லூட்டன்ல, பெனால்டி ஷூட் அவுட் வரைக்கும் போச்சு. ஜெயிக்க வைச்ச கடைசி பெனால்டியும் இவங்க கால்தான். அப்போ பெண்களுக்கு ஒரு ஆட்டம் 70 நிமிஷம், பந்தும் சின்னது, நாலாம் நம்பர்!

கோச்சிங் ஸ்வீடன் கிளப் ஹம்மர்பில ஆரம்பிச்சது, ஆடிக்கிட்டே. அப்புறம் அங்கேயே ஏஐகே கிளப், அமெரிக்காவுல பிலடெல்பியா, பாஸ்டன் அணிகள். 2003 செப்டம்பர்ல அமெரிக்க லீகையே மூடிட்டாங்க. நார்வேல கோல்பாட்ன், திரும்ப ஸ்வீடன்ல ஓரெப்ரோ, 2007 உலகக் கோப்பைக்குச் சீன அணியோட துணை கோச். இத்தனை ஊர் மாறினதுக்கு ஒரு பலன் உண்டு. வீராங்கனைகளை முன்பின் தெரியாத ஒரு அணியை, கொஞ்ச நாள்ல கோர்த்து ஆட வைக்கிற பழக்கம். தேசிய அணி கோச்சுக்கு வேலையே அதுதான். கிளப் மாதிரி தினமும் பயிற்சி கிடைக்காது.

[திரையில்: 2007 நவம்பர், அமெரிக்கா]

இவங்க பொறுப்பேத்தப்போ அமெரிக்க அணி உடைஞ்சு கிடந்தது. உலகக் கோப்பை அரை இறுதியில பிரேசில் கிட்ட 0-4 தோல்வி, அதுக்கு மேல கோல் கீப்பரை மாத்தினதால வந்த தகராறு. சுண்டாகே முதல் சந்திப்புல கிடாரை எடுத்துப் பாடினாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா பெரிய மாற்றம் ஆட்டத்துல. நீளமா தூக்கி அடிச்சு, உடல் வலுவால ஜெயிச்சுப் பழகின அணியை, நடுக்களம் வழியா பாஸ் பண்ணி முன்னேறச் சொன்னாங்க.

பெய்ஜிங் 2008-க்குக் கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி முக்கிய ஸ்ட்ரைக்கர் ஆபி வாம்பாக் கால் முறிஞ்சு விலகிட்டாங்க. முதல் ஆட்டத்துல நார்வே நாலு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் போட்டுச்சு. அப்படி ஆரம்பிச்ச அணிதான் ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல பிரேசிலை 1-0 ஜெயிச்சது. கோல் கார்லி லாய்டு. 2011 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜப்பான் கிட்ட பெனால்டியில தோல்வி. 2012 லண்டன்ல அதே ஜப்பானை 2-1 ஜெயிச்சு மறுபடியும் தங்கம்.

லண்டன்ல ஒரு முடிவைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பார்க்கணும். ஒலிம்பிக் அணியில 18 பேர்தான். ரெண்டு கோல் கீப்பரைக் கழிச்சா 16. ஜூலை 25-ல இருந்து ஆகஸ்ட் 9 வரைக்கும் மூணு நாளைக்கு ஒண்ணுன்னு ஆறு ஆட்டம். இந்த மாதிரி அட்டவணையில ஒரே இடத்துல மட்டும் ஆடத் தெரிஞ்ச ஆளு பாரம். அந்த ஜனவரியில ரைட் பேக், அதாவது வலது ஓர டிஃபண்டர், ஆலி க்ரீகருக்கு முழங்கால் தசைநார் அறுந்துடுச்சு. சுண்டாகே இடது ஓர டிஃபண்டரா ஆடின ஏமி லெபில்பேவை வலதுபக்கம் நகர்த்தி, ஃபார்வர்டா வளர்ந்த கெல்லி ஓஹாராவை லெஃப்ட் பேக் ஆக்கினாங்க. ஓஹாரா ஆறு ஆட்டத்துலயும் ஒரு நிமிஷம் கூட வெளிய உட்காரல.

[திரையில்: ரியோ 2016, ஸ்வீடன்]

இப்போ பிரேசிலியாவுக்கு வருவோம். ஆகஸ்ட் 6-ல ஸ்வீடன் பிரேசில் கிட்ட 1-5 அடி வாங்கியிருந்தது. குரூப்ல மூணாவது இடம். ஆறு நாள்ல புது அணி செய்ய முடியாது, ஆனா நிக்கிற இடத்தை மாத்தலாம். மாத்தினாங்க.

[திரையில்: மைதானம், மஞ்சள் புள்ளிகள்]

பின்னாடி நாலு பேர், அவங்களுக்கு முன்னாடி நடுக்களத்துல ஒரு வரிசை. ரெண்டுக்கும் நடுவுல 10 மீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி. பந்து எந்தப் பக்கம் போகுதோ மொத்த அணியும் அந்தப் பக்கம் நகரும், எதிர்ப்பக்க ஓரத்துல ஆடுற விங்கர் உள்ளே வந்துடுவாங்க. ஓரத்தை விட்டுக் கொடுக்கலாம், நடுவை விடக்கூடாது. இது உடையறது பெரும்பாலும் ஒரே காரணத்தாலதான்: பொறுமை இழந்து ஒருத்தர் மட்டும் தனியா பந்தைப் பிடிக்க ஓடுவார், அவர் விட்ட இடத்துல எதிரணி பாஸ் போடும். அன்னிக்கு அந்தத் தப்பு ரொம்ப அரிதாத்தான் நடந்தது.

அமெரிக்கா ஏறி ஏறி வந்ததால அவங்க பின்னாடி இடம் காலியா இருந்தது. 61-வது நிமிஷம் ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸ் அந்த இடத்துல ஓடிக் கோல் அடிச்சாங்க. அமெரிக்கா சமன் பண்ணுச்சு, பெனால்டியில ஸ்வீடன் 4-3. அரை இறுதியில, 5 கோல் போட்ட அதே பிரேசில் மரக்கானாவுல ஒண்ணு கூட போட முடியல, அங்கேயும் பெனால்டி. ஃபைனல்ல ஜெர்மனி ஜெயிச்சாலும் வெள்ளி கிடைச்சது. கோழைத்தனமான ஆட்டம்னு அமெரிக்க கோல் கீப்பர் ஹோப் சோலோ திட்டினதுக்கு, ஜெயிச்சா கோழையா இருக்கறதுல தப்பில்லன்னு சுண்டாகே பதில் சொன்னாங்க. பதில் நியாயம்தான்.

[திரையில்: மெல்போர்ன், 2023 ஆகஸ்ட் 2]

2019-ல பிரேசில். அந்தப் பெண்கள் அணிக்கு வந்த முதல் வெளிநாட்டு கோச். தடுப்பை ஒழுங்கு பண்ணினாங்க, 2022-ல தென் அமெரிக்க நாடுகளோட போட்டியான கோப்பா அமெரிக்காவுல ஒரு கோல் கூட வாங்காம பட்டம். ஆனா 2023 உலகக் கோப்பையில 83-வது நிமிஷம் ஒரு கார்னர்ல ஃபிரான்ஸோட வெண்டி ரெனார்டை யாரும் கவனிக்கல. தலையால முட்டிட்டாங்க, 1-2. ரெனார்ட் நல்ல உயரம், கார்னர்னா எந்த கோச்சும் முதல்ல குறிச்சு வைக்கிற பெயர் அவங்களோடதுதான்!

அதனால குரூப்போட கடைசி ஆட்டத்துல ஜமைக்காவைக் கட்டாயம் ஜெயிக்கணும். ஜமைக்காவுக்கு டிரா போதும். பிரேசிலியாவுல ஸ்வீடன் நின்ன மாதிரி இங்கே ஜமைக்கா நின்னது. இதை உடைக்க பந்தை வேகமா பக்கம் மாத்தணும், ஓர டிஃபண்டருக்கும் நடு டிஃபண்டருக்கும் இடையில ஒருத்தர் ஓடணும், எதிரணி கோல் பக்கக் கோட்டு வரைக்கும் போய் பின்னோக்கி பாஸ் கொடுக்கணும். பிரேசில் தூரத்துல இருந்தே கிராஸ் போட்டுக்கிட்டே, அதாவது ஓரத்துல இருந்து கோல் முன்னாடி பந்தைத் தூக்கி அடிச்சுக்கிட்டே இருந்தது. உயரமான டிஃபண்டர்களுக்கு அது பயிற்சி மாதிரி. 0-0. 1995-க்கு அப்புறம் முதல் தடவையா பிரேசில் குரூப்லயே வெளியேறுச்சு, அந்த மாசமே வேலையும் போச்சு.

[திரையில்: சுவிட்சர்லாந்து, யூரோ 2025]

2024 ஜனவரியில சுவிட்சர்லாந்து. சொந்த மண்ணுல யூரோ, அதாவது ஐரோப்பியப் போட்டி. நார்வே கிட்ட 1-2 தோல்வி, ஐஸ்லாந்து மேல 2-0 வெற்றி. ஃபின்லாந்து கூட டிரா போதும்ங்கற நிலையில பின்தங்கி, 90 நிமிஷத்துக்கு மேல நடுவர் சேர்த்த நிமிஷங்கள்ல ரியோலா ஜெமைலி கோல் போட்டு 1-1. முதல் தடவையா கால் இறுதி. பெர்ன்ல ஸ்பெயின் ஆரம்பத்துலயே ஒரு பெனால்டியை வீணாக்குச்சு. 66-வது நிமிஷம் வரைக்கும் தடுப்பு தாங்குச்சு. அப்புறம் ஐதானா பொன்மாட்டி குதிகாலால பின்னாடி தட்டின பந்தை, மாற்று வீராங்கனையா வந்த அத்தேனியா உள்ளே அடிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டாவது கோலும் விழுந்துச்சு.