கூலியை வெட்டி அடைத்த கடன்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பியக் கடன் நெருக்கடியைப் பற்றிப் பேச அழைத்தபோது, கிரேக்கத்தைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அயர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், சைப்ரஸ் ஆகிய நாடுகளும் அந்த ஆண்டுகளில் அடிபட்டவைதான். ஆனால், அரசு வாங்கிய கடன் எந்த வழியாக ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேருகிறது என்பதை முழுமையாகப் பார்க்க விரும்புகிறவர் கிரேக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

2009 அக்டோபரில் ஜார்ஜ் பாப்பாண்ட்ரூ தலைமையில் புதிய அரசு பதவியேற்றது. வரவு செலவுக் கணக்கைத் திறந்து பார்த்தவர்கள், அந்த ஆண்டின் பற்றாக்குறை முந்தைய அரசு சொல்லிவந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று அறிவித்தார்கள். பின்னர் திருத்திக் கணக்கிட்டபோது அது நாட்டின் மொத்த உற்பத்தியில் 15 விழுக்காட்டைத் தாண்டியது. அதுவரை தயங்காமல் கடன் கொடுத்துவந்தவர்கள் வட்டியை ஏற்றினார்கள். சில மாதங்களில், அந்த வட்டிக்குக் கடன் வாங்கவே முடியாது என்ற நிலை வந்தது. 2010 ஏப்ரல் 23 அன்று, காஸ்தெலோரிசோ என்ற சிறு தீவில் கடலைப் பின்னால் வைத்து நின்றபடி பிரதமர் வெளியுதவி கோரினார். மே மாதத்தில் 11,000 கோடி யூரோ கடன் உறுதியானது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதற்கு நிபந்தனைகளை விதித்தன. அந்த மூவர் கூட்டணியை மக்கள் 'ட்ரோய்க்கா' என்றும், நிபந்தனை ஒப்பந்தத்தை 'ம்னிமோனியோ' என்றும் அழைத்தார்கள். அடுத்த எட்டு ஆண்டுகள் அந்தச் சொல் ஒலிக்காத வீடு அங்கே இல்லை.

கிரேக்க அரசுகள் தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கை மறைத்தார்கள், வசதி படைத்தவர்களிடம் வரியை ஒழுங்காக வசூலிக்கவில்லை, கட்சிக்காரர்களுக்கு அரசு வேலைகளை வாரிக் கொடுத்தார்கள். இவை அனைத்தும் உண்மை. என் கேள்வி வேறு. அந்தத் தவறுகளுக்கான விலையை யார், எந்த வகையில் கொடுத்தார்கள்?

இதற்கு விடை யூரோ என்ற நாணயத்துக்குள் இருக்கிறது. சொந்த நாணயம் உள்ள நாடு கடனில் மூழ்கினால் அந்த நாணயத்தின் மதிப்பு சரியும். இலங்கையில் 2022இல் நாம் கண்ணெதிரே கண்டது அதுதான்: சம்பளம் அதே ரூபாயாக இருந்தது, ஆனால் அந்த ரூபாய்க்கு அரிசியும் பால்மாவும் முன்போல் கிடைக்கவில்லை. கிரேக்கம் 2001இல் தன் திராக்மாவை விட்டு யூரோவில் சேர்ந்துவிட்ட நாடு. ஏதென்ஸில் புழங்கும் யூரோவின் மதிப்பை மட்டும் தனியே குறைக்க முடியாது. பொருள்களை மலிவாக்கி ஏற்றுமதியைப் பெருக்க வேண்டுமென்றால், பணத்தின் மதிப்புக்குப் பதிலாக மனித உழைப்பின் மதிப்பைக் குறைக்க வேண்டும். பொருளாதார அறிஞர்கள் இதற்கு 'உள்நாட்டு மதிப்பிறக்கம்' என்று கண்ணியமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கூலி வெட்டு என்பது சிகிச்சையின் பக்கவிளைவு என்று பலரும் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. கூலி வெட்டுதான் சிகிச்சையாகவே திட்டமிடப்பட்டது.

2012 பிப்ரவரியில் இது சட்டமாகவே வந்தது. மாதம் 751 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 22 விழுக்காடு வெட்டப்பட்டு 586 யூரோ ஆனது. 25 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு வெட்டு 32 விழுக்காடு. அவர்களுக்குக் கிடைத்தது 511 யூரோ. முதலாளியும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துவந்த தொகை அது. அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் அரசு ஒரே வெட்டாக வெட்டியது. அதே வீட்டில் தாத்தாவின் ஓய்வூதியமும் மீண்டும் மீண்டும் குறைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வேலையிழந்த மகனும் பேரனும் அந்த ஓய்வூதியத்தையே நம்பியிருந்தார்கள். 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேலை இல்லை.

வருமானம் இப்படிச் சுருங்கிக்கொண்டிருந்தபோதே புதிய வரிகளும் வந்தன. 2011இல் வீடு வைத்திருப்போர் மீது ஒரு சொத்துவரி விதிக்கப்பட்டது. வரி அலுவலகம் வழியாக வசூலித்தால் வராது என்று அஞ்சிய அரசு, அதை மின்கட்டணச் சீட்டிலேயே சேர்த்து அனுப்பியது. வரி கட்டாதவருக்கு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று எச்சரித்தது. கிரேக்கத்தை முன்பு ஆண்ட துருக்கிய உதுமானியர் ஆட்சியில் செலுத்திய தலைவரியின் பெயரைக் கொண்டு மக்கள் அதை 'ஹராட்சி' என்று அழைத்தார்கள். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு வரலாற்றுக் காயம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறு ஆண்டு, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் மீதான வரி கடுமையாக ஏற்றப்பட்டது. ஏதென்ஸின் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் நிலத்தடித் தளத்தில் ஒரு பொதுக் கொதிகலன் இருக்கும். குடியிருப்போர் எல்லோரும் பணம் போட்டு எண்ணெய் வாங்கி அதை எரிப்பார்கள். எல்லா வீடுகளும் ஒன்றாகச் சூடாகும். ஐந்தாறு குடும்பங்கள் தங்கள் பங்கைக் கொடுக்க முடியாமல் கைவிரித்தால் எண்ணெய் வாங்க முடியாது. கொடுக்க முடிந்த குடும்பமும் சேர்ந்தே குளிரில் நடுங்கும். அண்டை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசும் நிலை இப்படித்தான் வந்தது. மக்கள் விறகை எரித்தார்கள். விறகும் வாங்க முடியாதவர்கள் பழைய கதவுகளையும் சாயம் பூசிய மேசை நாற்காலிகளையும் உடைத்து எரித்தார்கள். குளிர்கால இரவுகளில் ஏதென்ஸின் மேல் நச்சுப்புகை போர்வையாகப் படிந்தது. 2013 டிசம்பரில் தெசலோனிக்கி நகரில், மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு வீட்டில் குளிருக்கு மூட்டிய கரியடுப்பின் புகையில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். கடன் நெருக்கடி பற்றிய வரைபடங்களில் எந்தக் கோட்டிலும் அந்தக் குழந்தை இல்லை.

அங்கே மருத்துவக் காப்பீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போய் நெடுநாள் ஆனவர் காப்பீட்டையும் இழந்தார். நீரிழிவுக்காரர், புற்றுநோயாளி, கருவுற்ற பெண் என அனைவரும் இதில் அகப்பட்டார்கள். மருத்துவர்களும் மருந்தாளர்களும் கூலி வாங்காமல் உழைத்த சமூக மருத்துவமனைகள் பல ஊர்களில் தோன்றின. குணமானவர்களின் வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேகரித்து, காலாவதி தேதி பார்த்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். காப்பீடு இல்லாதோர்க்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்ற சட்டம் 2016இல்தான் முழுமையாக வந்தது. அதற்குள் அந்த மருத்துவமனைகளின் இளம் மருத்துவர்கள் பலர் ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அரசு ஊழியரைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனை யார் தலையில் விழுந்தது தெரியுமா? 2013இல் நிதி அமைச்சக அலுவலகங்களில் தரை துடைத்துவந்த 595 துப்புரவுப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள். அவர்கள் அமைச்சகத்தின் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தரை துடைக்கும்போது அணிகிற சிவப்பு ரப்பர் கையுறைதான் அவர்களுடைய கொடி. கவசம் அணிந்த காவலர்களுக்கு எதிரே அந்தக் கையுறையை உயர்த்தி நின்ற அந்தப் பெண்கள் 2015இல் வேலையைத் திரும்பப் பெற்றார்கள். இந்த நெருக்கடியில் நான் தலைவணங்குவது அவர்களுக்குத்தான்.

இத்தனையும் செய்து கடன் குறைந்ததா? சிக்கனத்தால் நாட்டின் உற்பத்தியே ஏறக்குறைய கால்பங்கு சுருங்கியது. வருமானம் சுருங்கச் சுருங்க, அதற்கு எதிரே கடன் மேலும் பெரிதாகத் தெரிந்தது. பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளாஞ்சார் 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதை ஒப்புக்கொண்டது. அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் பொருளாதாரம் அரை யூரோ அளவுக்குச் சுருங்கும் என்ற அளவிலேயே கணித்திருந்தார்கள். உண்மையில் பாதிப்பு அதைவிட மிகப் பெரிதாக இருந்தது. கணிப்பு திருத்தப்பட்டது. வெட்டப்பட்ட கூலி திருத்தப்படவில்லை.

உதவித்தொகை எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு கடன் திட்டங்களில் வந்த 21,590 கோடி யூரோவைப் பெர்லினிலுள்ள ஒரு மேலாண்மைக் கல்லூரி 2016இல் ஆராய்ந்தது. கிரேக்க அரசின் அன்றாடச் செலவுக்குச் சேர்ந்தது 970 கோடி மட்டுமே. மற்றதெல்லாம் பழைய கடனுக்கும் வட்டிக்கும் வங்கிகளைத் தூக்கி நிறுத்துவதற்கும் போய்விட்டது. 'சோம்பேறிகளுக்கு நம் பணம் போகிறது' என்று வட ஐரோப்பாவில் நாளிதழ் படித்துப் பொருமியவருக்கும் இந்தக் கணக்கு யாரும் சொல்லவில்லை.

2015 ஜூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம். 20 யூரோத் தாள்கள் தீர்ந்துபோன இடங்களில் 50 தான் கையில் வந்தது. அட்டை இல்லாத ஓய்வூதியர்களுக்காக மட்டும் சில கிளைகளைத் திறந்து 120 யூரோ கொடுத்தார்கள். தெசலோனிக்கியில் 77 வயதுப் பெரியவர் ஒருவர் மனைவியின் ஓய்வூதியத்தை எடுக்க வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். கடைசியாகப் போன வங்கியிலும் இல்லை என்றதும் அப்படியே சுவரோரம் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதார். சேமிப்புப் புத்தகமும் அடையாள அட்டையும் பக்கத்தில் கிடந்தன. அந்தப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும்.

அதே ஆண்டு மூன்றாவது கடன் திட்டம் வந்தது. 2018 ஆகஸ்ட் 20 அன்று திட்டம் முடிந்தது, நெருக்கடி தீர்ந்தது என்று அறிவித்தார்கள். 2012இல் ஒரே வெட்டாக இறக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மறுபடி அந்த 751 யூரோவைத் தாண்டி 780 ஆனது 2023 ஏப்ரலில். 511 யூரோவுக்கு 22 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அப்போது 33 வயது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறியிருந்தது என்பதை அந்த 780 யூரோ கணக்கில் கொள்ளவில்லை.