பேஸின் பின்னால் போங்கள்

நண்பர்களே, வணக்கம்.

எழுபதுகளின் இறுதியில் பிரிட்டனில் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-பங்க், அதன் இருண்ட கிளையான கோதிக் ராக் என்றதும் கறுப்பு உடை, கண்மை, கல்லறைப் படம் இவைதான் பலருக்கு ஞாபகம் வரும். அதெல்லாம் அப்புறம். இந்த இசைக்குள் நுழைய நான் காட்டும் வாசல் ஒன்றுதான்: கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்.

ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் குழுவில் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக்கிடம் ஆரம்பத்தில் இருந்தது மட்டமான ஆம்ப்ளிஃபையர். கீழ் ஸ்தாயியில் வாசித்தால், பக்கத்துக் கிட்டாரின் இரைச்சலில் தான் வாசிப்பது தனக்கே கேட்காது. வேறு வழியில்லாமல் மேல் ஸ்தாயிக்கு ஏறினார். ராகம் பேஸுக்குப் போய்விட்டது. கிட்டார் இடைவெளிகளில் கீறல் போடும் வேலைக்கு வந்தது. அந்தக் குழுவின் அடையாளமே அப்படி அமைந்தது.

அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். 1979-இல் 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தில் டிரம்ஸின் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பிரித்து, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிக் கொடுக்கும் டிஜிட்டல் டிலே கருவியில் அனுப்பி, ஆளில்லாத பெரிய கூடத்தில் அடிப்பது போல ஆக்கினார். ஹுக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் அது பிடிக்கவேயில்லை. மேடையில் தாங்கள் வாசித்த வேகமும் முரட்டுத்தனமும் போய்விட்டதே என்று வருத்தம். என்னைக் கேட்டால் ஹானெட் செய்ததுதான் சரி. இந்த இசையில் நாம் இருட்டு என்று சொல்வது பாதிக்குப் பாதி வெற்றிடம்தான்.

சரி, அடுத்த குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? 'இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்' என்று செயலி நீட்டும் பட்டியல் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பெயர்களில்தான் கொண்டுபோய் விடும். நான் ஆல்பத்தின் பின்னட்டையைப் பார்ப்பேன். லேபிள், அதாவது வெளியிட்ட நிறுவனம் எது, தயாரிப்பாளர் யார்? லண்டனின் ஃபோர்-ஏடி லேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் பௌஹவுஸ் என்ற இங்கிலாந்துக் குழுவிலிருந்து, ஜெர்மன் மொழியில் பாடிய ஹாம்பர்கின் எக்ஸ்மால் டாய்ச்லண்ட், நெதர்லாந்தின் கிளான் ஆஃப் ஜைமாக்ஸ் வரை போய்விடலாம்.

லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியையும் விட்டுவிடாதீர்கள். பாடகர் ஆண்ட்ரூ எல்ட்ரிச் முதலில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு அந்த வேலையை ஒரு டிரம் மெஷினிடம் கொடுத்து, அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயரும் வைத்தார். தன் குழுவை 'கோத்', அதாவது கோதிக் ராக் குழு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பது தனி வேடிக்கை.

தி க்யூர் குழுவின் 'போர்னோகிராஃபி' ஆல்பத்தில் தொடங்க வேண்டாம், மூச்சு முட்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1981-இல் வந்த 'ஃபெய்த்' போதும்.

மொழி புரியாதே என்று தயங்கவும் வேண்டாம். பெலாரஸின் மின்ஸ்க் நகரத்தில் தொடங்கிய மோல்சாட் டோமா குழுவினர் ரஷ்ய மொழியில் பாடுகிறார்கள். ஷீ பாஸ்ட் அவே குழு பாடுவது துருக்கிய மொழியில். எனக்கு இரண்டும் தெரியாது. பேஸ் தெரியும்.

இப்போது விளக்கைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். போடப்போவது பௌஹவுஸின் 'பேலா லுகோசிஸ் டெட்'. 1979-இல் வந்தது, ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடகர் வாய் திறக்க நேரமாகும். அதுவரை மேலிருந்து படிப்படியாக இறங்கும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டிருங்கள்.