லேபலில் "ஹெம்ப், 0.3 வீதம்" என்று இருந்தால் கட்டுநாயக்கவில் செல்லுமா?

அடுத்த கேள்வி வெள்ளவத்தையில இருந்து. "நியூஜேர்சியில இருக்கிற அக்கா அடுத்த மாசம் வாறா. அம்மாவின்ர முழங்கால் நோவுக்கு சீ.பீ.டீ எண்ணெய் ஒரு போத்தலும், நித்திரைக்குக் கம்மி எண்ட மெல்லுற இனிப்பு ஒரு டப்பாவும் கொண்டு வரப்போறாவாம். ரெண்டிலயும் ஹெம்ப், டீ.எச்.சி 0.3 வீதத்துக்குக் குறைவு எண்டு போட்டிருக்கு. பிரச்சினை வருமா?"

வரும். கொண்டு வர வேண்டாமெண்டு அக்காவுக்கு இண்டைக்கே சொல்லுங்கோ. சீ.பீ.டீயும் டீ.எச்.சியும் கஞ்சாச் செடியில இருக்கிற பொருட்கள், போதை தாறது டீ.எச்.சி.

அந்த 0.3 எண்டது அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டத்தில வந்த அளவு. கஞ்சாச் செடியின்ர காய்ந்த நிறையில டெல்டா-9 டீ.எச்.சி (டீ.எச்.சியின்ர முக்கிய வடிவம்) அதுக்கு மேல போகாட்டி, அங்க அதுக்குப் பேர் ஹெம்ப். செடி ஒண்டுதான். கோட்டைக் கீறினது சட்டம். எங்கட நாட்டில இருக்கிறது 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். 1984 இலயும் 2022 இலயும் திருத்தினார்கள், ஆனா அதுக்குள்ள இப்பிடி ஒரு வீதக் கணக்கு இல்லை. அது செடியையும் பிசினையும் அதில இருந்து எடுக்கிற சாறையும் பார்க்குது. அனுமதி இல்லாமல் இறக்கினாலும் குற்றம், வச்சிருந்தாலும் குற்றம். லேபலில அமெரிக்கச் சட்டத்தின்ர பேர் இருக்கிறது கஸ்டம்ஸ் மேசையில ஒண்டுக்கும் உதவாது.

"அது சின்ன அளவுதானே" எண்டும் நிறையப் பேர் கேட்கிறீங்கள். கணக்குப் பாருங்கோ. 30 மில்லிலீற்றர் எண்ணெய் ஏறக்குறைய 28 கிராம். அதில 0.3 வீதம் எண்டால் 84 மில்லிகிராம் டீ.எச்.சி. கனடாவில கஞ்சா சட்டபூர்வம், அங்கயே சாப்பிடுற பொருள் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. கம்மி இன்னும் மோசம்: 5 கிராம் கம்மி ஒண்டில 0.3 வீதம் 15 மில்லிகிராம். செடிக்கு வச்ச அளவை நிறை கூடின சாப்பாட்டுக்குப் போட்டால் இப்பிடித்தான் வரும். எல்லாப் போத்தலும் உச்ச அளவில இருக்கிறதில்லை, ஆனா லேபல் அதுவரைக்கும் இடம் குடுக்குது.

இன்னொரு விளையாட்டும் இருக்கு. சட்டத்தில டெல்டா-9 எண்டு மட்டும் எழுதினபடியால், சீ.பீ.டீயை அமிலத்தோட வினைபுரிய வச்சு டெல்டா-8 எண்ட இன்னொரு டீ.எச்.சி வடிவமாக்கி வித்தார்கள். அதுவும் போதை தரும், சுத்திகரிப்பு ஒழுங்கில்லாட்டி பேர் தெரியாத கழிவுகளும் உள்ள தங்கும். பூவாக விக்கிறதில தந்திரம் வேற. டீ.எச்.சீ.ஏ எண்ட அமில வடிவம் சூடுபட்டவுடன டீ.எச்.சி ஆகும், நிறையில 0.877 பங்கு. டெல்டா-9 0.2 வீதம், டீ.எச்.சீ.ஏ 20 வீதம் எண்டு அறிக்கை இருந்தால், 20 ஐ 0.877 ஆல பெருக்கி 0.2 ஐக் கூட்டுங்கோ: 17.74 வீதம். லேபலில ஹெம்ப், உள்ள இருக்கிறது நல்ல வீரியமான கஞ்சா. வாயு நிறமூர்த்த இயந்திரத்தில, அதாவது பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரிச்சு அளக்கிற இயந்திரத்தில, ஆய்வு செய்தால், அதின்ர சூட்டிலயே அமில வடிவம் டீ.எச்.சி ஆகிப்போகும். அறிக்கையில அந்தப் பெரிய எண்தான் வரும்.

அமெரிக்காவே இதை இறுக்கிப் போட்டுது. 2025 நவம்பர் 12 கையெழுத்தான சட்டப்படி, எல்லா டீ.எச்.சியும் சேர்த்துத்தான் கணக்கு, ஆய்வுகூடத்தில மாத்திச் செய்யிறதுகள் ஹெம்ப் இல்லை, கடைக்கு வாற பொருளில ஒரு டப்பாவுக்கு 0.4 மில்லிகிராம் டீ.எச்.சி மட்டும். நடைமுறைக்கு வர ஒரு வருடம் தவணை குடுத்திருக்கு. அக்கா வாங்கிற கம்மி அந்த அளவைத் தாண்டும் எண்டுதான் நினைக்கிறன்.

ரொறன்ரோவில இருந்து வாறவைக்கும் ஒரு வார்த்தை: கனடா எல்லையைத் தாண்டிக் கஞ்சாப் பொருள் கொண்டு போறது கனடாச் சட்டப்படியே குற்றம். சீ.பீ.டீயும் அதுக்குள்ள அடக்கம், டொக்டரின்ர கடிதம் இருந்தாலும்தான்.

"இங்க ஆயுர்வேதத்தில பாவிக்கினம்தானே?" உண்மை. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் அதுக்கு வழி வச்சிருக்கு, மதன மோதகம் மாதிரி மருந்துகளுக்குள்ள கஞ்சா போகுது. அந்த வழியில அனுமதி பெறுறது வைத்தியரும் மருந்து செய்யிற இடமும், வெளிநாட்டுப் போத்தலுக்கு அதில இடமில்லை. மீரிகமவில கஞ்சா வளர்க்க விட்ட திட்டம் ஏற்றுமதிக்கு மட்டும். அங்கீகாரம் பெற்ற சீ.பீ.டீ மருந்து எண்டு அமெரிக்காவில 2018 இல வந்தது எபிடியோலெக்ஸ், அது கடுமையான வலிப்பு நோய்களுக்கு. மூட்டு நோவுக்கில்லை. இங்க எந்த மருந்தையும் இறக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின்ர வழி ஒண்டுதான், அதை அக்காவின்ர சூட்கேசால செய்ய ஏலாது.

அம்மாவின்ர மருந்துகளையும் பாருங்கோ. சீ.பீ.டீ ஈரல் நொதியங்களைத் தடுக்கிறபடியால் இரத்தம் உறையாமல் குடுக்கிற வோபரின் மருந்து இரத்தத்தில கூடி நிக்கும், இரத்தப்போக்கு ஆபத்து. வலிப்புக்குக் குளோபசாம் எடுக்கிறவைக்குத் தூக்க மயக்கம் கூடும். இந்த எண்ணெயை ஆரும் ஏற்கெனவே குடுத்திருந்தால், கிளினிக்கில மறைக்காமல் சொல்லுங்கோ.

கூரியரில அனுப்புவம் எண்டும் யோசிக்க வேண்டாம். அப்ப விசாரணைக்குக் கூப்பிடுறது பொதியில பேர் இருக்கிற உங்களை. சிங்கப்பூர் வழியா வாறதெண்டால் அங்கயும் இதுக்கு அனுமதி இல்லை. அக்கா தானும் இதைப் பாவிக்கிறவ எண்டால், கைப்பையில திறந்த பாக்கெட்டில மிஞ்சின ரெண்டு கம்மியும் அகப்படும். பை கட்டேக்க முதல்ல அந்தச் சின்னப் பொக்கெற்றுகளைப் பார்க்கச் சொல்லுங்கோ.